நடந்தால் மூளைக்கு என்ன லாபம்?

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, சரி. மூளை ஏன் அதற்குப் பலன் காட்ட வேண்டும் என்பது கேள்வி.

சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் வேட்டையாடியும் கிழங்கு, கனி தேடியும் வாழத் தொடங்கினர். அது வெறும் நடை அல்ல. நடந்துகொண்டே வழியை நினைவில் வைக்க வேண்டும், தடம் பார்க்க வேண்டும், எப்போது திரும்புவது என முடிவெடுக்க வேண்டும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலும் ஏறக்குறைய 20 சதவீத ஆற்றலைத் தின்கிறது. ஆகவே உழைப்பு இல்லாதபோது உடல் அங்கே சிக்கனம் பிடிக்கிறது என்கிறார் பரிணாம உயிரியல் ஆய்வாளர் டேவிட் ரைக்லன். இது கருதுகோள்தான், ஆனாலும் வலுவானது.

சான்றுக்கு, 2011-இல் அமெரிக்காவில் 120 முதியவர்களிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். வாரம் 3 நாள், 40 நிமிடம், ஓராண்டு நடந்தவர்களுக்கு நினைவாற்றலுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது.

அவர்கள் முதல் நாளே 40 நிமிடம் நடக்கவில்லை. 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினார்கள். பலரும் தவறுவது வேகத்தில்: உலாவல் போதாது, வேகத்தை இதயத்துடிப்பால் அளக்க வேண்டும். 65 வயது, ஓய்வுத் துடிப்பு 70 என்றால், 220-இல் வயதைக் கழிக்க 155, இது தோராயமான உச்சத் துடிப்பு. அதில் 70 போக 85. இதன் 60 முதல் 75 சதவீதத்தோடு 70-ஐக் கூட்டினால் இலக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 121–134. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவரிடம் கேளுங்கள்.