சின்ன வயிறும் நோம்பி ஒப்புட்டும்: கேள்வி பதில்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சாப்பாடு சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. ஆபரேஷன் செய்யலாமா, எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் சர்ஜனிடம் கேளுங்கள். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள். முதலிலேயே ஒன்று: வாந்தி நிற்காமல் போனால் இங்கே கேள்வி போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெருந்துறை: பைபாஸ் செய்து ஐந்து மாதம் ஆகிறது. ஆடி நோம்பிக்கு இரண்டு ஒப்புட்டு (போளி) சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் படபடப்பு, வேர்வை, வயிற்றைப் பிடித்து இழுத்தது, பிறகு பேதி. இனி ஒப்புட்டே கூடாதா?

நீங்கள் சொல்வது டம்பிங் மாதிரிதான் இருக்கிறது, அதாவது சாப்பாடு குடலில் மொத்தமாகக் கொட்டுவது. ஆனாலும் நெஞ்சுப் படபடப்பு என்பதால் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். விஷயம் இதுதான். முன்பு இரைப்பையின் அடியில் ஒரு வால்வு இருந்து, சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பியது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சின்னப் பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைத்துவிடுவதால் அந்த வழியே கிடையாது. முப்பது மில்லி அளவுள்ள அந்தப் பையிலிருந்து பூரணம் நேராகச் சிறுகுடலில் போய் விழுகிறது. கெட்டியான சர்க்கரை வந்ததும் குடல் ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது. வயிறு உப்பி, இதயம் ஓட்டம் பிடிக்கிறது. இது பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வருவது.

இரண்டாவது வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். ஏறின சர்க்கரையைப் பார்த்து உடம்பு இன்சுலினை அள்ளிக் கொட்ட, சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுக்கம், கண் இருட்டு. வண்டி ஓட்டுகிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஒப்புட்டு? என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வருடம் வரை வேண்டாம் என்பேன். அப்புறம் கால் ஒப்புட்டு, அதுவும் முட்டையோ பருப்போ சாப்பிட்ட பிறகு, வெறும் வயிற்றில் இல்லாமல். இடியாப்பம் மாதிரியான சந்தகைக்குத் தேங்காய்ப்பால் சர்க்கரை போட்டு ஊற்றிக்கொள்வது இதைவிட மோசம். நீராக இருக்கும் இனிப்பு இன்னும் வேகமாக இறங்கும்.

திருப்பூர்: எனக்கு ஸ்லீவ். ஜிலேபி சாப்பிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. நான் அதிர்ஷ்டசாலிதானே?

இல்லை. ஸ்லீவ் என்றால் இரைப்பையைக் குழாய் மாதிரி வெட்டிச் சுருக்குவது; அதில் அந்த வால்வு அப்படியே இருக்கும், அதனால் டம்பிங் குறைவு. உங்களைத் தடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். ஒரு துண்டு கோழி தின்றால் வயிறு நிறைந்து உட்கார்ந்துவிடும். பால்கோவாவும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டே இறங்கும், எவ்வளவு போனது என்றே தெரியாது. இரண்டு வருடம் கழித்து எடை திரும்பிவிட்டது என்று வருகிறவர்களில் பலரிடம் இந்தக் கதைதான் கேட்கிறேன்.

சத்தியமங்கலம்: கோழி தொண்டையில் நிற்கிறது. தினமும் அரிசிம்பருப்பு சாதம்தான். புரதம் போதுமா?

அரிசிம்பருப்பில் பருப்பை அரிசிக்கு நடுவே தேட வேண்டும். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். கணக்குப் போடுங்கள். மூன்று முட்டை என்றால் 18. நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டைக்கு யோசிப்பானேன்? 300 மில்லி பாலோ தயிரோ ஏறக்குறைய 10. காய்ந்த கொள்ளு 50 கிராம் எடுத்து வேகவைத்துக் கடைந்தால் 11, அதை இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். 100 கிராம் மீன் கிட்டத்தட்ட 20. அறுபதை ஒட்டி வந்துவிட்டது. பச்சைப்பயறு கடைசலும் நல்லது. சோறு கடைசியில், இடம் இருந்தால். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்துக் குடியுங்கள்.

கரூர்: நான்காம் மாதம், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது.

எடை வேகமாகக் குறையும்போது மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். புரதமும் இரும்பும் சரியாக இருக்கிறதா பாருங்கள். எண்ணெயால் ஆகாது.

தாராபுரம்: முடி கொட்டுகிறது, என்ன எண்ணெய்...

மேலே கரூருக்குச் சொன்னதுதான்.

கவுந்தப்பாடி: அம்மாவுக்குப் பைபாஸ் ஆகியிருக்கிறது. நாங்கள் கரும்பு காய்ச்சுகிறவர்கள். எங்கள் நாட்டுச் சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரையோடு ஒன்றாக்கிப் பேசாதீர்கள். அது இரும்புச் சத்து, இது விஷம்.

அண்ணா, ருசியில் நானும் உங்கள் கட்சி. வீட்டில் காபிக்கு நாட்டுச் சர்க்கரைதான். ஆனால் குடல் கட்சி பார்ப்பதில்லை. 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 400 கலோரி, வெல்லத்தில் 380. இரண்டிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ். டம்பிங் வரவைப்பது அதுதான்.

உடுமலை: அப்போ கருப்பட்டி?

அதுவும்தான்.

கவுந்தப்பாடி: இரும்பு இருப்பதை மறுக்கிறீர்களா?

மறுக்கவில்லை. ஒரு டீஸ்பூனில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. இரும்பை முக்கியமாக உறிஞ்சுகிற குடலின் முதல் பகுதியையே பைபாஸ் தாண்டிவிடுகிறது. மாதவிடாய் இருக்கிற பெண் என்றால் மாத்திரையாகவே நாளுக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் தர வேண்டியிருக்கும். அதை வெல்லத்தில் எடுக்கப் பார்த்தால் அம்மாவுக்கு வேறு எதற்கும் வயிற்றில் இடம் இருக்காது. நான் சண்டை போடுவது வெல்லத்தோடு இல்லை, அந்த இடத்துக்காக. இதோடு இந்தப் பேச்சை விடுவோம்.

அந்தியூர்: அக்கா, ஆனால் தேன்...

விடுவோம் என்றேன்.

பொள்ளாச்சி: தெளுவு (பதநீர்) இயற்கைதானே?

இயற்கைதான். நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் சர்க்கரை. ஒரு டம்ளரில் 20 கிராம். வேண்டாம். புளித்தது என்றால் இரண்டு மடங்கு வேண்டாம், சின்ன வயிற்றில் போதை சீக்கிரம் ஏறும்.

கோபி: சுகர் ஃப்ரீ பிஸ்கட்?

மாவு அதேதான். மால்டிடால், சார்பிடால் என்று போட்டிருந்தால் வயிற்றுப்போக்கும் வரலாம்.

காங்கேயம்: இரும்பு, கால்சியம், பி12 எல்லாவற்றையும் காலை டீயோடு முடித்துவிடுகிறேன். ரத்தம் ஏறவே இல்லை.

எப்படி ஏறும்? டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியமும் இரும்பும் போட்டி போடும், நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கால்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும், ஒரு வேளைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். இது ஆயுளுக்கும்.

மேட்டூர்: தங்கைக்கு இரண்டாம் மாதம். பத்து நாளாக எது சாப்பிட்டாலும் வாந்தி. இப்போது கால் மரத்துப்போகிறது, நடை தடுமாறுகிறது. கஞ்சி கொடுக்கலாமா?

கஞ்சி வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். தயமின் என்கிற பி1 தீர்ந்துபோனால் இப்படி ஆகும், தாமதித்தால் நரம்பும் மூளையும் நிரந்தரமாகக் கெடலாம். அவசரப் பிரிவில் "பைபாஸோ ஸ்லீவோ செய்தவர், பத்து நாளாக வாந்தி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

ஈரோடு: மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடலாமா?

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வேண்டாம், பையில் புண் வரும். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

குன்னத்தூர்: முடி...

கரூர்.

கவுந்தப்பாடி: கடைசியாக ஒன்று. பழனிப் பஞ்சாமிர்தம் அம்மாவுக்கு வந்திருக்கிறது. அதிலும் எங்கள் ஊர்ச் சர்க்கரைதான். பிரசாதத்தையும் வேண்டாம் என்பீர்களா?

விரல் நுனியில் தொட்டு அம்மா நாக்கில் வையுங்கள் அண்ணா. டப்பாவை நீங்கள் சாப்பிடுங்கள்.