ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட் திடீரென்று மோசமானால் கிளாக்கோமா முற்றுகிறது என்று அர்த்தமா?

ஏற்காட்டிலிருந்து அப்பாவை பஸ்ஸில் கூட்டிவந்து சேலத்தில் ஃபீல்டு டெஸ்ட் எடுத்திருக்கிறீர்கள்; நடுப்புள்ளியைப் பார்த்தபடி, சுற்றிலும் வரும் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தும் பார்வைப் பரப்புச் சோதனை அது. கிளாக்கோமா என்னும் கண் நரம்பு நோயில் கண் பிரஷர் கட்டுக்குள் இருந்தும், போன தடவையைவிட ரிப்போர்ட் படத்தில் கருப்பு கூடியிருக்கிறதே, பார்வை போகிறதா என்று கேட்கிறீர்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அப்படி முடிவுகட்டக் கூடாது.

கருப்பு வெள்ளைப் படத்தைக் கடைசியாகப் பாருங்கள். இந்த டெஸ்ட் எடுக்கும் ஹம்ப்ரி மெஷின் ரிப்போர்ட்டில் மேலே இடதுபக்கம் ஃபிக்சேஷன் லாஸ், ஃபால்ஸ் பாசிட்டிவ், ஃபால்ஸ் நெகட்டிவ் என்று மூன்று வரி இருக்கும். முதலாவதில் 7/15 மாதிரி இருந்தால், கண் நடுப்புள்ளியில் நிற்கவில்லை என்று பொருள்; 20 சதவீதத்தைத் தாண்டினாலே சந்தேகம்தான். ஆனால் அடியில் ஓடும் கண் அசைவுக் கோடு சீராக இருந்தால், மெஷின் குருட்டுப் புள்ளியை, அதாவது எல்லார் கண்ணிலும் பார்வையே இல்லாத சிறு இடத்தை, தவறாகக் கணித்திருக்கலாம்; அங்கே காட்டும் வெளிச்சத்துக்கு அழுத்துகிறாரா என்று பார்த்துத்தான் இந்த எண்ணைப் போடுகிறது. ஃபால்ஸ் பாசிட்டிவ் 15 சதவீதத்துக்கு மேல் போனால் வெளிச்சம் வராமலே பட்டனை அழுத்தியிருக்கிறார்; அந்த ரிப்போர்ட் உண்மையைவிட நன்றாகத் தெரியும், அதுதான் ஆபத்து. ஃபால்ஸ் நெகட்டிவ் என்பது முன்பு தெரிந்த இடத்திலேயே இன்னும் பிரகாசமான வெளிச்சத்துக்கு அழுத்தாமல் விடுவது; அது கூடுவது அசதியாலும் வரும், நோய் முற்றிய கண்ணிலும் வரும்.

கருப்பு எங்கே விழுந்திருக்கிறது என்பதும் முக்கியம். மேல் ஓரம் மட்டும் கருப்பென்றால் இமை தொங்கியிருக்கலாம். டேப் ஒட்டித் தூக்கிவிட்டு எடுக்க வேண்டும். சுற்றிலும் வளையமாக இருந்தால் கண்ணாடி வில்லையின் விளிம்பு மறைத்திருக்கும். நடுவைச் சுற்றி நான்கு இடம் மட்டும் வெளுத்து மற்றதெல்லாம் கருத்திருந்தால், ஆரம்பத்தில் கவனமாக அழுத்திவிட்டுப் பிறகு சோர்ந்துவிட்டார். அந்த நான்கு இடங்களைத்தான் மெஷின் முதலில் சோதிக்கும். மூக்குப் பக்கம் படிபோல வெட்டியோ வில்லாக வளைந்தோ அதே இடத்தில் மறுபடியும் வந்தால்தான் கிளாக்கோமாவின் வேலை.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த கையோடு உட்கார வைக்காதீர்கள். முந்தின நாளே வந்து தங்கினால் நல்லது, இல்லாவிட்டால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஓய்வெடுக்கட்டும். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டை டெஸ்ட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். வழக்கமான கிளாக்கோமா சொட்டை அன்றைக்கும் நிறுத்தக் கூடாது. அப்பாவிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும், பாதிக்குப் பாதி தெரியாது, அது அப்படித்தான். இந்த விஷயம் தெரியாதவர்கள் பதறி எல்லாவற்றுக்கும் அழுத்திவிடுகிறார்கள். அழுத்தும்போதே கண் சிமிட்டிக்கொள்ளலாம். களைத்தால் பட்டனை அழுத்தியபடியே பிடித்தால் டெஸ்ட் நிற்கும், விட்டால் தொடரும்.

சந்தேகமான ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, சில வாரங்களுக்குள் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டாம். அதே மெஷின், அதே 24-2 புரோகிராம் இருக்கட்டும். 10-2 என்ற இன்னொரு புரோகிராம் நடுப்பகுதியை மட்டும் 2 டிகிரி இடைவெளியில் பார்ப்பது, 24-2 அதைத் தாண்டி வெளியே வரை 6 டிகிரி இடைவெளியில் பார்ப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பழைய ரிப்போர்ட் ஒன்றுவிடாமல் ஃபைலில் எடுத்துப் போங்கள், குறிப்பாக முதல் இரண்டு. முதல் டெஸ்ட் பழக்கமில்லாமலே மோசமாக வந்திருக்கும். அதை ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைத்தால், பிறகு நிஜமாகவே குறைந்தது கண்ணில் படாமல் போய்விடும்.