இரவு உணவுக்குச் சூப் மட்டும் போதுமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். வீடு திரும்ப இரவு ஏழரை மணி ஆகிவிடுகிறது. வார நாட்களில் இட்லி, தோசைக்குப் பதிலாக எல்லோருக்கும் வீட்டிலேயே சூப் வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். 68 வயதான மாமியார் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்; அவருக்கு மூட்டுவலியும் உண்டு. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. இரவில் சூப் மட்டும் போதுமா? பாக்கெட் சூப் வாங்கலாமா? மூட்டுவலிக்கு ஆட்டுக்கால் சூப் நல்லதா? ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா? கணவருக்குத் தக்காளி சூப் குடித்தால் நெஞ்செரிச்சல் வருகிறது. அதற்கு என்ன செய்வது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேலை முடிந்து களைத்து வந்த பிறகும், கடையில் வாங்கிச் சமாளிக்காமல் வீட்டில் சமைக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அந்த எண்ணமே உங்கள் குடும்பத்துக்குப் பெரிய நன்மை. சூப்பை இரவு உணவாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அது உணவாக இருக்க வேண்டும். காய்கறி வெந்த தண்ணீராக இருக்கக் கூடாது. உங்கள் கேள்விகளில் உடனே கவனிக்க வேண்டியது மாமியாரைப் பற்றியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சர்க்கரை நோய்க்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால், இரவு உணவு சற்றுக் குறைந்தாலும் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளைகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ நிலைமை வேறு. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மூன்று இட்லியில் சுமார் 30 முதல் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது; வடிகட்டிய காய்கறி சூப் ஒரு கிண்ணத்தில் அதில் கால் பங்குகூட இராது. மாத்திரையின் அளவு அப்படியே இருக்க, உணவு மட்டும் இவ்வளவு குறைந்துபோனால், நள்ளிரவிலோ விடியற்காலையிலோ சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடும்.

முதியவர்களிடம் இது வெளியே தெரியாமல் நடக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தூக்கத்தில் உடல் வியர்த்துத் தலையணை நனைவது, கெட்ட கனவு, காலையில் எழும்போதே தலைவலி, இரவில் கழிவறைக்குப் போகும்போது தடுமாற்றம், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். வீட்டில் உள்ளவர்கள் இவற்றை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடுகிறார்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் சிலர் மருத்துவமனைக்கே வருகிறார்கள். ஆகவே மாமியாருக்குச் சூப்புடன் இரண்டு இட்லியோ இரண்டு சிறிய சப்பாத்தியோ கட்டாயம் கொடுங்கள். புதிய உணவு முறைக்கு மாறும் முதல் வாரத்தில், படுக்கப் போகும் முன்பும் காலை வெறும் வயிற்றிலும் வீட்டில் உள்ள கருவியில் சர்க்கரையைப் பார்த்து எழுதி வையுங்கள். எண்கள் குறைந்துகொண்டே வந்தால் அந்தத் தாளுடன் அவருடைய மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். வியர்வையும் நடுக்கமும் வந்து, அவர் நினைவோடு இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அவருக்காக இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நெடுநாள் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. காய்கறிகளை வேகவைக்கும்போது அவற்றில் உள்ள பொட்டாசியத்தில் கணிசமான பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். சிறுநீரக நோயாளிகளிடம் காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வது இதனால்தான். சூப்பிலோ நாம் அந்தத் தண்ணீரையே குடிக்கிறோம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது நன்மை. இரத்த அழுத்தத்துக்கும் நல்லது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியவர்களுக்கு, அதிலும் டெல்மிசார்ட்டன், எனலாபிரில், ஸ்பைரனோலேக்டோன் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு, அதுவே இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவுக்குப் பொட்டாசியத்தை உயர்த்திவிடலாம். கடந்த ஆறு மாதத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கப்படவில்லையென்றால், தினசரி சூப்பைத் தொடங்குமுன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சோடியம் குறைவு என்று விற்கப்படும் உப்பிலும் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால், அந்த உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் அவருக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இனி, சூப்பை உணவாக்குவது எப்படி என்று பார்ப்போம். ஐந்து பேருக்கு 150 கிராம் பாசிப்பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டு, அதனுடன் நறுக்கிய கேரட், சுரைக்காய், பீன்ஸ், ஒரு வெங்காயம், நான்கு பல் பூண்டு சேர்த்து, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றி மூன்று விசில் விடுங்கள். நீங்கள் உடை மாற்றிவிட்டு வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். ஆவி தானாக அடங்கிய பின் மத்தால் லேசாகக் கடைந்தாலே பருப்பு கரைந்து சூப் கெட்டியாகிவிடும், சோளமாவு தேவையில்லை. கடைசியில் ஒரு பிடி முருங்கைக்கீரையைப் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு தேக்கரண்டி நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டுங்கள். கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்ளச் சிறிது கொழுப்பு தேவை என்பதால் அந்த நெய்யை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் இறக்கிய பிறகு பிழியுங்கள். கொதிக்கவிட்டால் அதில் உள்ள வைட்டமின் சி குறைந்துவிடும்.

இந்தப் பருப்பிலிருந்து ஆளுக்குச் சுமார் 7 கிராம் புரதம் கிடைக்கும். அதனுடன் ஒரு வேகவைத்த முட்டை வைத்தால் இன்னும் 6 கிராம் கூடும். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பனீர்த் துண்டுகளோ, காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலையோ போடலாம்.

அரைத்துவிட்டால் சத்து போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். அரைப்பதால் அல்ல, வடிகட்டிச் சக்கையை எறிவதால்தான் நார்ச்சத்து போகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக்கு முன் சூப் குடித்தவர்கள் அந்த வேளையில், சூப்பின் கலோரியையும் சேர்த்தே, சுமார் 20 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். காய்கள் துண்டாக இருந்தாலும் அரைக்கப்பட்டிருந்தாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. எடையைக் குறைக்க விரும்பும் பெரியவர்களுக்கு இது நல்ல செய்திதான். அரைப்பதானால் ஆறவிட்டு அரையுங்கள். கொதிக்கும் சூப்பை மிக்ஸியில் ஊற்றி மூடினால் ஆவியின் அழுத்தத்தில் மூடி தெறித்து முகமும் கையும் வெந்துபோகும்.

ஆனால் பெரியவர்களுக்கு நன்மையான அதே தன்மை உங்கள் நான்கு வயது மகனுக்குப் பாதகமாகலாம். சிறு வயிறு நீர்த்த சூப்பால் நிரம்பிவிட்டால், அதன் பிறகு சோறும் பருப்பும் உள்ளே போகாது. ‘பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறான்’ என்று அழைத்து வரப்படும் குழந்தைகள் பலர், உணவுக்குச் சற்று முன் பாலோ சாறோ சூப்போ குடித்திருப்பார்கள். அவனுக்குக் குக்கரின் அடியில் தங்கும் கெட்டியான பகுதியை எடுத்துச் சாதத்துடன் பிசைந்து, நெய் விட்டு ஊட்டுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை அவன் கடைசியில் இரண்டு வாய் குடித்தால் போதும். மகளுக்குச் சூப்புடன் ஒரு தோசையும் முட்டையும் கொடுங்கள்; வளரும் பிள்ளைகளுக்கு இரவில் சூப் மட்டும் போதாது. சூடான பாத்திரத்தை மேசை ஓரத்தில் வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு ஏற்படும் தீப்புண்களில் பெரும்பகுதி கொதிநீரும் குழம்பும் பாலும் கொட்டுவதால் வருபவைதான்.

பாக்கெட் சூப்பைப் பொறுத்தவரை, அதை வாங்குமுன் பின்பக்கம் படியுங்கள். சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பல பாக்கெட்டுகளில் சோளமாவு, சர்க்கரை, உப்பு ஆகியவைதான் முன்னால் நிற்கும். காய்கறித் துணுக்குகள் வெகு பின்னால் வரும். சோடியத்தின் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒரு கிண்ணத்துக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் அதில் 1 கிராம் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்குமாகப் பரிந்துரைப்பது 5 கிராமுக்கும் குறைவு. சுவைக்காகப் போடும் சூப் க்யூபின் எடையில் ஏறத்தாழப் பாதி உப்புதான் என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் செய்யும் சூப்பில் ஐந்து பேருக்கும் சேர்த்துத் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு போதும். அதையும் இறக்கும்போது போடுங்கள். முன்பே போட்டால் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போகும். குறை தெரிந்தால் மிளகும் எலுமிச்சையும் பெருமளவு ஈடுசெய்துவிடும்.

ஆட்டுக்கால் சூப் தொன்றுதொட்டு நம் வீடுகளில் உடல் தேறக் கொடுக்கப்படுவது. நோயிலிருந்து எழுந்தவருக்கு அது பசியைத் தூண்டும், வாய்க்கு ருசியாக இருக்கும். ஆனால் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும், ஒரு கிண்ணம் எலும்பு சூப்பில் வரும் கால்சியம் ஒரு டம்ளர் பாலில் இருப்பதற்கு அருகில்கூட வராது. 100 கிராம் முருங்கைக்கீரையிலும் 100 கிராம் கேழ்வரகிலும் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆறினால் கூழ்போல உறையும் பகுதி கொலாஜனிலிருந்து வந்த ஜெலட்டின். அதை உடல் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துச் சிறு துகள்களாக்கிவிடுகிறது, அப்படியே முழங்காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. மாமியார் விரும்பினால் மாதம் இரண்டு மூன்று முறை கொடுங்கள். முதல் நாள் இரவே செய்து குளிரவைத்தால், மேலே வெள்ளைத் தகடுபோல் உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் வீங்கும் வாத நோய் இருந்தால் கொடுக்க வேண்டாம். உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் இறைச்சியிலிருந்து சாற்றில்தான் இறங்குகிறது. அவருடைய மூட்டுவலிக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும்தான் உண்மையில் உதவும்.

மொத்தமாகச் செய்து வைக்கலாம். ஞாயிறு செய்தது புதன் இரவு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தவறு பெரும்பாலும் ஃபிரிட்ஜில் அல்ல, அடுப்பு மேடையில்தான் நடக்கிறது. இரவு செய்த சூப்பைக் குக்கரிலேயே மூடி, ‘காலையில் கொதிக்கவைத்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறோம். பாசில்லஸ் சீரியஸ், குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் ஆகிய கிருமிகளின் வித்துகள் கொதிநிலையையும் தாங்குபவை. நிறைந்த குக்கரின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில் அவை முளைத்துப் பெருகும். பாசில்லஸ் சீரியஸ் சுரக்கும் ஒரு நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. எனவே சூப்பை அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பரப்பி ஊற்றி, குளிர்ந்த நீர் நிரப்பிய தட்டில் வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிவரச் சூடாக்குங்கள். மீந்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். நீண்ட நேரம் மின்சாரம் போன நாளில் சூப்பின் மணத்தை நம்பிப் பயன்படுத்தாதீர்கள். வாசனையோ நிறமோ மாறாமலேயே அது கெட்டிருக்கலாம்.

உங்கள் கணவருக்குத் தக்காளியைக் குறைத்துச் சுரைக்காய், பூசணி, பருப்பு ஆகியவற்றைக் கொண்டு செய்யுங்கள். மிளகையும் பூண்டையும் அவர் கிண்ணத்தில் சற்றுக் குறையுங்கள். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது நெஞ்செரிச்சலைக் குறைக்கப் பெரிதும் உதவும். ஆவி பறக்கக் குடிக்கும் வழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் மிகச் சூடாகப் பருகும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அறிவித்திருக்கிறது. இந்த மாற்றங்களுக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரங்களில் எரிச்சல் குறையாவிட்டாலோ, விழுங்கும்போது உணவு சிக்குவதுபோல் இருந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, எடை குறைந்தாலோ, தாமதிக்காமல் குடல்நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.