‘கார் பார்க்கிங் உண்டு’ என்று வாடகை விளம்பரம் போட்டேன். டோக்கனைத் திருப்பித் தர வேண்டுமா?

கேள்வி: சேலையூரில் எங்கள் வீட்டு முதல் மாடி இரண்டு மாதமாகக் காலியாக இருக்கிறது. ‘2 படுக்கையறை, 1,100 சதுர அடி, 24 மணி நேரமும் நல்ல தண்ணீர், கார் பார்க்கிங், வாடகை 18,000, பத்து மாத அட்வான்ஸ், எங்கள் சமூகத்தினருக்கு மட்டும்’ என்று இணையத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன். பெங்களூரிலிருந்து ஒருவர் படங்களை மட்டும் பார்த்து 10,000 ரூபாய் டோக்கன் அனுப்பினார். நேரில் வந்தபோது அவருடைய செடான் காரை உள்ளே விட்டால் கேட்டை மூட முடியவில்லை; கேட்டுக்குள் 14 அடிதான் நீளம். பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். தர வேண்டுமா? தண்ணீர் போர் தண்ணீர்தான், குடிக்க கேன் வாங்குகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு அறையின் சுவரில் ஈரம் இறங்கும். விளம்பரத்தை எப்படி எழுதினால் நல்ல குடித்தனக்காரர் கிடைப்பார்?

பதில்: பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வங்கிப் பரிமாற்றமாகவே அனுப்பி, ‘டோக்கன் தொகை முழுவதும் திருப்பித் தரப்பட்டது’ என்று அவருக்கு ஒரு செய்தியும் போடுங்கள்.

வாடகை விளம்பரம் சட்டப்படி ஒப்பந்தம் ஆகாது. வந்து பேசுங்கள் என்ற அழைப்புதான் அது. ஆனால் அதில் இருக்கும் தகவலை நம்பி ஒருவர் பணம் கொடுத்துவிட்டால், அந்தத் தகவல் உங்கள் கூற்றாகிவிடுகிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி, ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் சொன்ன தவறான தகவலும் பொய்க்கூற்றுதான். அதை நம்பி ஒப்புக்கொண்டவர் 19-வது பிரிவின் கீழ் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அவர் நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்திருந்தால், ‘சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்’ என்று நீங்கள் வாதாட இடம் இருக்கும். படத்தைப் பார்த்து அனுப்பியவரிடம் அந்த வாதம் பலவீனமாகிவிடும். ‘டோக்கன் திரும்பக் கிடைக்காது’ என்று முன்கூட்டி எழுதி வாங்கியிருந்தால்கூட, 74-வது பிரிவின் கீழ் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. உங்களிடம் அப்படி எழுத்தே இல்லை.

விளம்பரத்தை இப்போது அழித்துவிட்டாலும் பயனில்லை. அவரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தால் நீதிமன்றம் அதை ஏற்கும்.

விளம்பரத்தை எழுத உட்காரும் முன் டேப்பை எடுத்து வீட்டை அளந்துவிடுங்கள். ‘கார் பார்க்கிங்’ என்றால் படிப்பவர் தன் கார் நிற்கும் என்றுதான் நினைப்பார். நடுத்தர செடான் கார் சுமார் 4.5 மீட்டர், அதாவது பதினைந்தடிக்குச் சற்றே குறைவு. உங்கள் 14 அடியில் நான்கு மீட்டருக்குட்பட்ட கார்தான் கேட்டை மூடும்படி நிற்கும். கேட்டின் அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள். 1,100 சதுர அடியும் இதே கதைதான். மாடிப்படியையும் வெளிச்சுவரையும் கூட்டி வந்த எண்ணா, உள்ளே புழங்கும் இடமா? சுவருக்குச் சுவர் அளந்த உள்ளளவைப் போடுங்கள். எண் சிறியதாகத் தெரிந்தாலும், வந்து பார்த்து ஏமாந்து திரும்புபவர்கள் குறைவார்கள்.

தண்ணீர் விஷயத்தில் ‘நல்ல தண்ணீர்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நம் ஊரில் அதற்குக் குடிக்கிற தண்ணீர் என்றே அர்த்தம்.

சுவர் ஈரத்தை மறைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, உரிமையாளருக்குத் தெரிந்த, குடிவருபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. சித்திரையில் வீடு பார்க்க வருபவருக்குக் கார்த்திகை மாத ஈரம் எப்படித் தெரியும்? பெயின்ட் அடித்து மறைத்தால் அடுத்த மழையில் உப்புப் பூத்து உரிந்துவிடும். முதலில் மொட்டை மாடியில் நீர்க்கசிவு அடைக்கும் வேலையைச் செய்யுங்கள். முடியாவிட்டால், வீடு காட்டும்போதே சொல்லி, எந்த மாதத்துக்குள் சரிசெய்து தருவீர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

பத்து மாத அட்வான்ஸ் பற்றி: 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-வது பிரிவு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்க வழி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 18,000 ரூபாய் வாடகைக்கு 1,80,000 ரூபாயை ஒரே தவணையில் புரட்டக்கூடிய குடும்பங்கள் எத்தனை? இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்ததில் நீங்கள் இழந்தது 36,000. 54,000 என்று போடுங்கள்.

‘எங்கள் சமூகத்தினருக்கு மட்டும்’ என்ற வரியை இன்றே நீக்குங்கள். தனி ஆள் யாருக்கு வீடு கொடுப்பது என்பதில் சட்டம் பொதுவாகத் தலையிடுவதில்லை என்றாலும், தீண்டாமையை எழுத்தால் ஊக்குவிப்பது 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவின் கீழ் குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. உங்கள் வரியை அப்படிப் படித்து யாராவது புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லும் நிலை வரும். திருநர், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் என்ற காரணத்துக்காக வீடு மறுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டங்களே இருக்கின்றன. சட்டத்தை விட்டாலும், வீடு தேடி அலைகிற ஒரு குடும்பத்தின் கண்ணில் அந்த வரி படுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். வாடகையை ஒழுங்காகக் கொடுப்பாரா என்பதுதான் உங்கள் கவலை என்றால் வேலை, வருமானம், எத்தனை பேர் குடிவருகிறார்கள் என்று கேளுங்கள். அதுதான் அந்தக் கவலைக்குப் பதில் தரும்.

விளம்பரத்தை இப்படி எழுதலாம். எண்களை உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

‘சேலையூர், முதல் மாடி, லிஃப்ட் இல்லை. 2 படுக்கையறை, 2 பாத்ரூம். உள்ளளவு 840 சதுர அடி. புழக்கத்துக்குப் போர் தண்ணீர். குடிக்க கேன் வாங்க வேண்டும். தனி ஈபி மீட்டர். கார் நிறுத்த 14 அடி நீளம், கேட் அகலம் 8 அடி; நான்கு மீட்டருக்குட்பட்ட கார் நிற்கும். வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 1,000 (மோட்டார் கரண்ட், படிக்கட்டு சுத்தம்). அட்வான்ஸ் 54,000. ஜூன் 1 முதல் குடிவரலாம். பார்க்க சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை.’

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பலரும் ஹாலை நான்கு கோணத்தில் எடுத்துவிட்டு பாத்ரூமையும் சமையலறை சிங்க்கையும் விட்டுவிடுகிறார்கள். குடிவருபவர் முதலில் தேடுவது அவற்றைத்தான். கார் நிற்கும் இடத்தையும் எடுத்துப் போடுங்கள். கதவு எண் வேண்டாம். ஈபி கம்பத்திலும் அடுத்தவர் சுவரிலும் ‘டூ-லெட்’ ஒட்டாதீர்கள். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உங்கள் கேட்டில் பலகை தொங்கவிட்டால் போதும்.

விளம்பரம் வெளியானதும் ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, வீட்டைப் பார்க்காமலேயே அட்வான்ஸ் அனுப்ப க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்லும் மோசடி அழைப்புகள் வரலாம். பணம் பெற யுபிஐ ரகசிய எண் (PIN) தேவையே இல்லை. கேட்டால் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

அடுத்த முறை வீட்டைக் காட்டிய பிறகே டோக்கன் வாங்குங்கள். எதற்காக வாங்கினீர்கள், எந்தத் தேதிக்குள் ஒப்பந்தம், அவர் பின்வாங்கினால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று மூன்று வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்றே விளம்பரத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு ஒரு நகலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு தேவையில்லை என்று புரோக்கர் சொல்வார். அதை நம்ப வேண்டாம். 2017 சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.