ஜெபித்தும் நடக்கவில்லையே, இனி என்ன? சோர்ந்துபோனவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஏமாற்றம், எரிச்சல், சோர்வு, விசுவாசம் இவற்றைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் போதகரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. ஆராதனை முடிந்த பிறகும் பின்வரிசையில் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாச் சபையிலும் இருப்பார்கள், அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவதைத்தான் பதினெட்டு வருடமாகச் செய்துவருகிறேன். அங்கே கேட்டதையும் வேதத்தில் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். ஒத்துவராதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

கேள்வி: அண்ணா, நான்கு வருடமாக ஒரே வேலைக்காக ஜெபிக்கிறேன், உபவாசமும் இருந்தேன். இந்த முறை கடைசிச் சுற்று வரை போய்க் கைநழுவிவிட்டது. என் விசுவாசம் குறைவு என்கிறார்கள். உண்மையா?

இல்லை தம்பி. அப்படிச் சொன்னவரிடம் அப்போஸ்தலன் பவுலுக்கு விசுவாசம் குறைவா என்று கேட்டுப் பாருங்கள். மாம்சத்திலே ஒரு முள் என்று தன் வேதனையைச் சொன்னார், அதை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார், எடுக்கப்படவில்லை. கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" (2 கொரிந்தியர் 12). இந்த வசனத்தை நாம் பாட்டு மாதிரி சொல்லிவிட்டுப் போகிறோம், ஆனால் அன்றைக்கு அதைக் கேட்ட மனிதருக்கு அது முதலில் "இல்லை" என்ற பதிலாகத்தான் இருந்திருக்கும். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

விசுவாசத்தை ஏதோ எடைக்கல் மாதிரி நினைப்பதில்தான் கோளாறே. இவ்வளவு வைத்தால் அவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு இருந்தால், கிடைக்காதபோது ஒன்று உங்கள்மேல் பழி விழும், இல்லாவிட்டால் ஆண்டவர்மேல். இன்னொன்று, கடைசிச் சுற்றில் நழுவியதற்கு வருத்தப்படுவது இயல்பு. "நெடுங்காலமாய்க் காத்திருக்குதல் இருதயத்தை இளைக்கப்பண்ணும்" என்று நீதிமொழிகளே (13:12) சொல்கிறது, அதற்காக யாரையும் திட்டவில்லை. ஒரு வாரம் வருத்தப்படுங்கள். அப்புறம் எங்கே தவறியது என்று தேர்வு செய்தவர்களிடமே கேட்டுப் பாருங்கள், அதுவும் ஜெபத்துக்கு விரோதமில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வாழவே பிடிக்கவில்லை. இப்படி நினைப்பதே பாவமாயிற்றே என்று யாரிடமும் சொல்லவில்லை.

இது வரிசையில் பின்னால் இருந்தது, முன்னால் இழுத்திருக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

எலியா "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். மோசே தன்னைக் கொன்றுபோடும்படி கேட்டார். யோனாவும் சாவதே நலம் என்றார். மூன்று பேருமே தீர்க்கதரிசிகள், மூன்று பேருமே அதை ஆண்டவரிடமே சொன்னார்கள், அதற்காக ஒருவரையும் அவர் தள்ளிவிடவில்லை. அதனால் சொல்லக்கூடாத விஷயம் என்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம். இன்றைக்கே, முடிந்தால் இந்த நிமிடமே, வீட்டில் ஒருவரிடமோ நண்பரிடமோ இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். உங்கள் நாட்டில் தற்கொலைத் தடுப்பு உதவி எண் இருக்கும், கூப்பிடுங்கள். ஏதாவது செய்துகொள்வேனோ என்ற பயம் இருந்தால் தனியாக இருக்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மாத்திரை எடுத்தால் விசுவாசம் போய்விடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்கவேண்டாம். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான், பவுல் அவரைப் "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதுகிறார்.

கேள்வி: ஆண்டவர்மேலேயே கோபம் வருகிறது. ஜெபத்தில் கோபப்படலாமா, ஐயா?

படலாம், ஆனால் அவரிடமே படுங்கள். 13-ஆம் சங்கீதத்தைத் திறந்தால் தாவீது எடுத்த எடுப்பிலேயே "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்கிறார், அடுத்த வரியிலும் அதே எதுவரைக்கும். சங்கீதங்களில் கணிசமானவை இப்படிப்பட்ட முறையீடுதான். ஆனாலும் அந்தச் சங்கீதம் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகிறது. 88-ஆம் சங்கீதம் அதுகூடச் செய்யவில்லை, இருளிலேயே முடிந்துபோகிறது. வேதத்தைத் தொகுத்தவர்கள் அதை வெட்டி எறியாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள், எனக்கு அதுவே ஒரு ஆறுதல்.

அன்னாளைப் பாருங்கள். பிள்ளையில்லாத அவள் பிள்ளை கேட்டு ஆலயத்தில் அழுது ஜெபிக்கிறாள், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலிக்கு அவள் குடித்திருக்கிறாள் என்று தோன்றுகிறது. என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்கிறாள் அவள். அதன்பின் அவள் போஜனம் பண்ணினாள், முகம் துக்கமாக இருக்கவில்லை என்று வருகிறது (1 சாமுவேல் 1). கவனியுங்கள், அவள் கேட்ட பிள்ளை சாமுவேல் அப்போது பிறக்கவில்லை, கருவில்கூட இல்லை. முகம் மாறியது கொட்டித் தீர்த்ததால்.

ஆண்டவரிடம் பேசாமல் அவரைப் பற்றி ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருப்பதற்குத்தான் நான் பயப்படுவேன். கோபித்துக்கொண்டு பேசுகிற பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

கேள்வி: எப்போதும் சிரித்துக்கொண்டே துதிக்கச் சொல்கிறார்களே, பிரதர்?

நீதிமொழிகள் 25:20. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல. சொன்னவர்களுக்கு அனுப்பிவையுங்கள். அன்போடு!

கேள்வி: எரேமியா 29:11-ஐச் சுவரில் மாட்டியிருக்கிறோம், தினமும் வாசிக்கிறேன். "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று இருக்கிறது, ஆனால் வருடத்துக்கு வருடம் நிலைமை மோசமாகத்தான் போகிறது.

சகோதரி, ஒரு வசனம் மேலே, 29:10-ஐ யாரும் மாட்டுவதில்லை. பாபிலோனில் 70 வருஷம் முடிந்தபின்புதான் என்று அங்கே இருக்கிறது. இது சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பேரால் சொல்கிறார். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அது பொய். எரேமியா சொன்ன 70-ஐக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பிப் போகாமலே செத்திருப்பார்கள், அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அப்படியானால் வாக்குத்தத்தம் வீணா? அதே கடிதத்தின் ஆரம்பத்தை (29:5-6) படியுங்கள்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள். பிரச்சினை தீர்ந்தபின் வாழலாம் என்று உட்கார்ந்திருக்காமல், தீராத இடத்திலேயே தோட்டம் போடச் சொல்கிறார். நீங்கள் எதையெல்லாம் "இது முடியட்டும், அப்புறம்" என்று தள்ளிவைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். அதில் ஒன்றையாவது இந்த மாதம் தொடங்குங்கள். படத்தை எடுக்க வேண்டாம், பத்தாம் வசனத்தையும் ஐந்தாம் வசனத்தையும் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன், ஊழியமும் செய்கிறேன். எல்லோர்மேலும் எரிந்து விழுகிறேன், ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. குற்றவுணர்வாக இருக்கிறது.

தூங்குங்கள்!

நிஜமாகத்தான் சொல்கிறேன். எலியா கர்மேல் மலையில் அக்கினியை இறக்கிய கையோடு யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து கிடக்கிறார். தூதன் வந்து தட்டி எழுப்பி, பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்கிறான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார், இரண்டாம் முறையும் அதேதான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதன்பின் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபிறகுதான் வருகிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள், தூக்கமும் சாப்பாடும் முதலில், பேச்சு அப்புறம்.

உங்கள் எரிச்சலில் பாதி பாரத்தினுடையது. மோசே இந்த ஜனங்களை ஒருவனாய்த் தாங்க முடியாது என்று வெடித்தபோது (எண்ணாகமம் 11), பொறுமையாயிரு என்று பதில் வரவில்லை, 70 மூப்பரைக் கூட்டிவரும்படி வந்தது. நாளைக்கே சபையில் இரண்டு பேரிடம், வாரத்தில் இந்தக் கிழமை இத்தனை மணி நேரம் அம்மாவுடன் இருங்கள் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாக உதவி வேண்டும் என்றால் எல்லோரும் ஜெபிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கேள்வி: மற்றவர்கள் தங்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையில் சாட்சி சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கும் வந்திருக்கிறது. பேதுருவுக்கும்தான், "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்று சக சீஷன் யோவானைக் காட்டிக் கேட்டார். உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா என்று சுருக்கமாக முடித்துவிட்டார் இயேசு. கொஞ்சம் கறாரான பதில்தான்.

கேள்வி: ஊழியர் ஒருவரே என்னை ஏமாற்றிவிட்டார். சபைக்குப் போகவே கால் வரவில்லை.

நடந்தது பணமோ துன்புறுத்தலோ என்றால் முதலில் சபைப் பொறுப்பாளர்களிடமும், தேவைப்பட்டால் காவல் துறையிலும் புகார் கொடுங்கள். மன்னிப்பு என்பது மூடிமறைப்பது இல்லை. மனஸ்தாபம் என்றால் வேறு விஷயம். பவுலும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவும், கூட ஊழியம் செய்த மாற்குவை முன்னிட்டுக் கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்துபோனார்கள் (அப்போஸ்தலர் 15). பல வருடம் கழித்து அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடுவில் எத்தனை வருடம் என்று பாருங்கள், உங்களை ஒரே வாரத்தில் சமாதானமாகச் சொல்கிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள். இப்போதைக்கு வேறொரு சபையின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: ஜெபத்தில் எதுவுமே உணர முடியவில்லை. வெறுமை. நான் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போய்விட்டேனா?

அன்னை தெரசா 1997-இல் இறந்தார். பத்து வருடம் கழித்து 2007-இல் அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் வெளியானபோது, பல பத்தாண்டுகளாக ஆண்டவரின் பிரசன்னத்தை உணராமலேயே அவர் ஜெபித்திருக்கிறார் என்று தெரிந்து உலகமே அதிர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பிரசங்கியார் ஸ்பர்ஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1856 அக்டோபரில் லண்டனில் ஒரு இசை அரங்கில் அவர் பிரசங்கித்தபோது யாரோ பொய்யாகத் "தீ" என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 22. அதன்பின் மனச்சோர்வு வாழ்நாள் முழுக்க வந்து வந்து போனது, அதை மேடையிலேயே வெளிப்படையாகப் பேசினார். இவர்களைப் பின்வாங்கினவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வார்த்தை வராவிட்டால் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். என் அப்பா நோயில் கிடந்தபோது நான் அப்படித்தான் செய்தேன், தேதி போட்டுத் தினமும் ஒரு வரி. அவர் போய்விட்டார். அதன்பின் பதினொரு பக்கம் தேதி மட்டும் இருக்கும், எழுத்து இருக்காது. பன்னிரண்டாம் பக்கத்தில் "ஏன்?" என்று ஒரே சொல், பேனா தாளைக் கிழித்திருக்கும்.

கேள்வி: அந்த ஏனுக்குப் பதில் கிடைத்ததா, அண்ணா?

இல்லை. நோட்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது, இன்று காலையும் ஒரு வரி எழுதினேன். கிழிந்த தாளுக்குப் பின்பக்கத்தில் மட்டும் எழுத வராது, பேனா ஓட்டையில் மாட்டும்.