கண்டி, நுவரெலியா சந்தைகளில் தேயிலையும் கித்துள் (கூந்தற்பனை) பாணி, கருப்பட்டியும் ஏமாறாமல் வாங்குவது எப்படி?

தேயிலைக்கு முதலில் தரப்பெயரைப் பாருங்கள். பிஓபிஎஃப் (BOPF), டஸ்ட் (Dust) இரண்டும் பொடி இலை; சாயம் சீக்கிரம் இறங்கும், பால் தேநீருக்குத் தோதானது. ஓபி (OP) நீள இலை, பாலில்லாமல் குடிக்கலாம். டஸ்ட் என்றால் கழிவு என்று எண்ணிப் பலர் ஒதுக்குகிறார்கள். அது தவறு, அது இலையின் அளவைக் குறிக்கும் சொல் மட்டுமே. நுவரெலியா, திம்புள்ளை வட்டாரத்து இலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வாசம் கூடும். ஊவா வட்டாரத்து இலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஆகவே எந்த மாதத்து இலை என்று கேளுங்கள். திறந்த சாக்கில் கிடப்பது மலைநாட்டு ஈரத்தை இழுத்து வாசம் இழக்கும். ஒரு சிட்டிகையை விரலில் நசுக்குங்கள்: மொறுமொறுவென்று உடைய வேண்டும், வளைந்தால் வேண்டாம். பொதியில் சிங்க இலச்சினை இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது.

கித்துளில்தான் ஏமாற்று அதிகம். பாணியில், அதாவது கித்துள் பதநீரைக் காய்ச்சிய பாகில், சீனிப்பாகு கலப்பார்கள். நல்ல பாணியில் லேசான புகை மணம் வரும். வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றால் சந்தேகப்படுங்கள். போத்தலைச் சாய்த்து அடியைப் பாருங்கள், சீனிக்கட்டி தங்கியிருந்தால் வைத்துவிடுங்கள். கருப்பட்டியை வாங்குமுன் ஒரு துண்டு கேட்டுச் சுவையுங்கள், கண்ணாடிபோல் உடைந்து பல்லில் நறநறத்தால் சீனி கூடியது. விலை மிகக் குறைவாக இருப்பதும் அதே அறிகுறிதான்: பாளை சீவிப் பதநீர் இறக்கி, நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைத்த பண்டம் மலிவாகக் கிடைக்காது.