‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் எங்கே குழப்பம் வருகிறது என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பேட்டை, கல்லூரி மாணவி: இந்தச் சொல்லுக்கு 645 அர்த்தம் என்கிறார்களே, நிஜமா சார்? அத்தனையும் படிக்கணுமா?

எண்ணிக்கை நிஜம்தான் தாயி. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைப் புதுப்பிக்கிறவர்கள் 2011 வாக்கில் இந்தச் சொல்லை முடித்தபோது, வினைச்சொல்லாக வரும் ‘ரன்’னுக்கு மட்டும் 645 பொருள் தேறியது. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் இந்த ஒரு சொல்லோடு சுமார் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’தான் முதலிடம், அதற்கு 430-க்கு மேல்.

ஆனால் அகராதிக்காரர்கள் மிக நுணுக்கமாகப் பிரிப்பார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுவது ஒன்று, குழாயில் தண்ணீர் ஓடுவது இன்னொன்று என்று எண்ணுவார்கள். உனக்கு அது வேண்டாம். எது ஓடுகிறது, அதை யாராவது ஓட்டுகிறார்களா, பக்கத்தில் என்ன சின்னச் சொல் நிற்கிறது, இதை மட்டும் பார்த்துப் பழகு. பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும்.

அம்பாசமுத்திரம், விவசாயி: ஒரே சொல் ஏன் இப்படிப் பெருகிப் போச்சு? நம்ம தமிழில் இப்படி உண்டா?

உண்டு. தாமிரபரணி ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ சொல்லலாம். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமலே இவ்வளவு ஒத்துப்போவது எனக்கு இன்றைக்கும் பெரிய சந்தோஷம்.

வித்தியாசம் எங்கே என்றால், தானாக நடப்பதற்கு நம்மிடம் ‘ஓடு’, இன்னொருவர் நடக்கச் செய்வதற்கு ‘ஓட்டு’. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு தனி வினைகள் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன. அதனால்தான் ‘த பஸ் ரன்ஸ்’ என்றால் பஸ் ஓடுகிறது, ‘தே ரன் எ பஸ்’ என்றால் பஸ் விடுகிறார்கள். அப்புறம் நீராவி எஞ்சின், மில், ரயில் என்று புதிதாக எது வந்தாலும் அது இயங்குவதைச் சொல்ல இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் புரோகிராமும் ‘ரன்’ ஆனது.

நகராத பொருளுக்கும் வரும். ‘த ரோட் ரன்ஸ் டு பாபநாசம்’ என்பார்கள். ரோடு கிடந்த இடத்தில்தான் கிடக்கிறது. நம் கண்தான் அதன் மேல் ஓடுகிறது. நாமும் ‘இந்த ரோடு பாபநாசம் போகுது’ என்றுதானே வழி சொல்கிறோம்?

திசையன்விளை, பலசரக்குக் கடை: ‘ஐ ரன் எ ஷாப்’ என்று எழுதலாமா? ஏதோ கடையைத் தள்ளிக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கே.

தாராளமாக எழுதுங்கள் அண்ணாச்சி. நாம் ‘நடத்துகிறேன்’ என்பதை அவர்கள் ‘ரன்’ என்கிறார்கள். நாம் ‘ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்றால் அதில் ஒரு சலிப்பு இருக்கும். ஆங்கில ‘ரன்’னில் அந்தச் சலிப்பு கிடையாது, பொறுப்பாக நிர்வகிப்பது என்றுதான் பொருள். தேர்தலுக்கும் இதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்வார். பிரிட்டனில் நம்மைப் போலவே ‘நிற்பார்’, அதாவது ‘ஸ்டாண்ட்’.

பாளையங்கோட்டை, நர்ஸ்: இங்கிலாந்து வேலைக்குத் தயாராகிறேன் சார். நோயாளிகள் பேச்சில் இந்தச் சொல் எப்படியெல்லாம் வரும்?

நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது தங்கச்சி, தப்பாகப் புரிந்தால் மருந்தே மாறிவிடும். ‘ஐ ஹேவ் த ரன்ஸ்’ என்று ஒருவர் கூச்சத்தோடு சொன்னால் அவருக்கு வயிற்றுப்போக்கு. வயிற்றோட்டம் என்ற நம் சொல்லை நினைத்துக்கொண்டால் மறக்காது. ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது. ‘ரன்னி நோஸ்’ மூக்கு ஒழுகுவது. ‘ஃபீலிங் ரன் டவுன்’ என்றால் உடம்பு சோர்ந்து, தெம்பே இல்லாமல் இருக்கிறது. எதிலும் அடிபட்டதாக நினைத்துவிடாதீர்கள். வண்டி ஏறியிருந்தால் ‘ரன் ஓவர்’ என்பார்கள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ ‘ரன்ஸ் இன் த ஃபேமிலி’ என்றால் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது, குறிப்பில் எழுத வேண்டிய தகவல்.

களக்காடு, பள்ளி மாணவன்: கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ தெரியும். ‘வி ரன் அவுட் ஆஃப் மில்க்’ சரியா?

பால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்தால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்று சொல் தம்பி. நேற்றே தீர்ந்தது என்றால் ‘வி ரேன் அவுட்’.

பத்தமடை, பாய் வியாபாரம்: வெளிநாட்டுக்கு அனுப்பும் கோரைப்பாயில், நனைந்தால் சாயம் போகும் என்று எப்படி எழுத?

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரிக்க வேண்டும். வெயிலில் கிடந்து நிறம் வெளிறுவது ‘ஃபேட்’. தண்ணீர் பட்டு ஒரு நிறம் கரைந்து பக்கத்து நிறத்தில் இறங்குவது ‘ரன்’. நீங்கள் சொல்வது இரண்டாவது. ‘கலர்ஸ் மே ரன் இஃப் வெட்’ என்று எழுதுங்கள்.

திருநெல்வேலி டவுண், குடும்பத்தலைவி: ஆனித் தேரோட்டம் பார்க்க வெளிநாட்டு விருந்தாளி வருகிறார்கள். ‘தேர் ஓடுது’ என்பதற்கு ‘ரன்’ போடலாமா?

வேண்டாம் அம்மா. ‘ரன்’ என்றால் எஞ்சின் வைத்தது போலவோ, கால அட்டவணைப்படி வருவது போலவோ கேட்கும். நெல்லையப்பர் தேரை ஊரே வடம் பிடித்து இழுக்கிறது, அந்தக் கைகள் வாக்கியத்தில் தெரிய வேண்டும். ‘பீப்பிள் புல் த சாரியட் அரவுண்ட் த டெம்பிள்’ என்று சொல்லுங்கள். தேரை முன்கூட்டி இழுத்துப் பார்க்கும் வெள்ளோட்டத்துக்கு மட்டும் ‘ட்ரையல் ரன்’ கச்சிதமாகப் பொருந்தும்.

வள்ளியூர், இப்போது சென்னையில் வேலை: மேனேஜர் ‘ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்’ என்று மெயில் போட்டிருக்கிறார். எதை ஓட்டச் சொல்கிறார்?

எதையும் ஓட்ட வேண்டாம் தம்பி. ‘பை’ சேர்ந்தால், அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று பொருள். ‘ரன் த்ரூ’ என்று எழுதியிருந்தால் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்துவிடு என்றாகும். முதலில் அவருக்குக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.